வாசிக்காமல் வைத்த கையெழுத்து

2025 ஜனவரி 9, வியாழன்

மெஷின் பெல்ட் இன்றும் வரவில்லை. சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு ஏழு சட்டைகள் மேசையில் வெட்டினபடி கிடக்கின்றன.

பலகையில் தையல் கடை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் லா சப்பலில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் துணியோடு வருவதில்லை, கடிதத்தோடு வருகிறார்கள். இன்று ஒரு விசாப் படிவம், ஒரு வீட்டு விண்ணப்பம், மின்சாரக் கம்பனியிலிருந்து ஒரு வெருட்டல் கடிதம். பன்னிரண்டு வயதில் இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனதன் பலன். வாயில் குண்டூசியோடு எல்லாருக்கும் வாசித்துச் சொல்கிறேன்.

பின்னேரம் பக்கத்து மளிகைக்கடை பொன்னம்பலம் அண்ணை வந்தார். அவருடைய கடைசி மகளும் என் மகள் தாட்சாயினியும் ஒரே பள்ளி. நான் அங்கே பெற்றோர் பிரதிநிதி வேறு. ஒக்டோபரில் ஆள் போதாது என்று தொலைபேசியில் கேட்டார்கள். அப்போதும் வாயில் ஊசிதான், மாட்டேன் என்று சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

அண்ணை போனை நீட்டினார். பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றின் 61ஆம் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார். இரண்டு ஆண்கள், ஒரு கட்டில். கதவுக்கு வெளியே நிற்கும் ஒரு சிறுமிக்கு அவர்கள் சிரிப்பது கேட்கிறது. அவ்வளவோடு பக்கம் முடிகிறது.

"தங்கச்சி, மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டாலும் எங்கடை கையெழுத்துக் கேக்கினம். இதுக்கு மட்டும் ஏன் கேக்கேல்லை?"

நியாயமான கேள்வி. எனக்கும் சுள்ளென்று ஏறியது. "நான் எழுதித் தாறன் அண்ணை" என்றேன்.

ஜனவரி 11, சனி

கடிதம் முடிந்தது. அந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுக்க வேண்டும், இனிமேல் இப்படியானவற்றைப் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பக்கம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பிரெஞ்சு. மூன்று முறை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது: கஜந்தினி, பெற்றோர் பிரதிநிதி.

தாள் பொன்னம்பலம் அண்ணையின் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே அந்த இடத்தில் எந்தத் தாள் இருந்தாலும் சனம் கையெழுத்து வைக்கும். தேர் வீதி சுற்றவும் வைத்தார்கள், குப்பை லொறி நேரத்துக்கு வரவும் வைத்தார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒன்பது சட்டை, நாலு படிவம். பொங்கினது கடையில் மின்னடுப்பில்.

ஜனவரி 19, ஞாயிறு

நாற்பத்தொரு கையெழுத்து.

ஆனால் இன்று நடந்ததை எழுத வேண்டும். தம்பி கிருஷிகன் ஒவ்வொரு ஞாயிறும் கூசேன்வில்லில் இருந்து ரயிலில் வருவான். கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு, கடையின் பின்னறையில் என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. வயது முப்பத்தெட்டு. கல்யாணம் செய்யவில்லை. அது ஒன்றுதான் எனக்கும் அவனுக்கும் இருக்கும் சண்டை.

இன்று முருங்கைக்காய்க் கட்டோடு வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

"அக்கா, அந்தப் புத்தகம் நீ வாசிச்சனியோ?"

"எந்தப் புத்தகம்?"

"அண்ணையின்ரை கடையிலை தாள் கிடக்குது. முதல் பேர் உன்ரைதான்."

"ஓ, அதோ. ஒரு பக்கம் பாத்தனான். அதுவே காணும், வேறை என்ன வேணும்?"

"ஓம். உனக்குக் காணும்."

முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டு, வேலை இருக்கு என்று போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இல்லை. எனக்குத் தெரியும், அவனுடைய மாத அட்டவணை என் மெஷினுக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

வரவில்லை. "நல்லா இருக்கிறன், வேலை" என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்றும் இல்லை. இரண்டு பேருக்குக் காய்ச்சின கறியை நான் தனியாகச் சாப்பிட்டேன். தாட்சாயினியும் ஒரு வாரமாக முகம் தருகிறாள் இல்லை. பதினாலு வயது, அப்படித்தான் இருக்கும் என்கிறார் இவர். இவருக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும். தான் சமைக்கிற ரெஸ்ரோரன்ட் அடுப்பு அணைந்தால்தான் பதறுவார்.

பெப்ரவரி 6, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டாலும் போகாது.

கடிதத்தைப் பள்ளி நிர்வாக சபையில் வாசிப்பதற்கு முன் ஒரு பிரதியை நூலகப் பொறுப்பாளரிடம் நேரில் கொடுப்பதுதான் முறை என்று போனேன். ஆன்-சோஃபி என்று பெயர். ஒல்லியான பெண், கழுத்தில் கம்பளிச் சால்வை. கடிதத்தை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார். நான் நிமிர்ந்து இருந்தேன்.

பிறகு ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். செப்டெம்பரில் வாசிப்பு வட்டத்துக்குப் பிள்ளைகளைச் சேர்த்தபோது வீட்டுக்கு அனுப்பிய அனுமதித் தாள். எட்டுப் புத்தகங்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரியில் கதை. மூன்றாவது அந்தப் புத்தகம். "தாயின் தம்பியும் அவருடைய துணைவரும் வாழும் வீட்டில் ஒரு சிறுமி கழிக்கும் கோடை" என்று பளிச்சென்று இருக்கிறது. அடியில் கையெழுத்து. என்னுடையது. பக்கத்தில் ரோஸ் நிறத்தில் தையல் சோக்குத் தூள் படிந்த பெருவிரல் அடையாளம். பொலிசுக்குக் கூட இதைவிடச் சாட்சி தேவைப்படாது.

பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போன ஆள் நான்.

காது இரண்டும் எரிந்தது. ஆன்-சோஃபி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். வட்டத்தில் இல்லாத பிள்ளைகள் அலுமாரியிலிருந்து தாங்களே எடுக்கலாம், அதற்குக் கையெழுத்து இல்லை, அந்தக் கேள்வியை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம் என்றார். பிறகு புத்தகத்தை எடுத்துத் தந்தார். "முதலில் ஒருமுறை வாசியுங்கள்."

கைப்பையில் ஜிப்பு இழுத்து மூடி வைத்திருக்கிறேன். ஏதோ களவெடுத்த சாமான் மாதிரி.

பெப்ரவரி 7, வெள்ளி

தாட்சாயினி பள்ளியால் வந்ததும் வராததுமாகப் பிடித்தேன். ஏன் என்னிடம் ஒளித்தாய் என்று கத்தினேன்.

அவளுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சுதான். ஒளிக்கவில்லை என்றாள். மூன்று நாள் உங்கள் மேசையில் மேலே வைத்தேன், நீங்கள் யாருடையதோ விசாவுக்காகத் தொலைபேசியில் காத்துக்கொண்டு இருந்தீர்கள், பார்க்காமலே கையெழுத்து வைத்தீர்கள் என்றாள். எல்லாருடைய கடிதமும் வாசிக்கிறீர்கள், என்னுடையதைத் தவிர.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"சரி, ஏன் இந்தப் புத்தகம்?" என்று கேட்டேன்.

"அதில் வருகிற மாமா எங்கள் மாமா மாதிரி" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்தினாள்.

"என்ன மாதிரி? பெட்டி ஏத்துறவரோ?"

என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை, பாவம் என்கிற மாதிரி. பிறகு தமிழில் சொன்னாள். "வாசியுங்கோ அம்மா."

பெப்ரவரி 10, திங்கள்

கடை பூட்டு. காலையில் தொடங்கி மத்தியானம் முடித்துவிட்டேன். நூற்று நாற்பது பக்கம்.

தாய் ஆஸ்பத்திரியில். பிள்ளையை ஒரு கோடை முழுக்க மாமன் வைத்துப் பார்க்கிறார். அவரோடு இருக்கிறவருக்குச் சமைக்கத் தெரியாது, ஒவ்வொரு நாளும் முட்டையைக் கருக்குகிறார். 61ஆம் பக்கத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள் என்றேனே, 62ஆம் பக்கத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. கட்டிலின் கால் உடைந்து இரண்டு பேரும் நிலத்தில். அந்தப் பிள்ளை கதவைத் திறந்து தானும் சிரிக்கிறது. தாய் தொலைபேசியில் கூப்பிட்டதிலிருந்து அதற்கு அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. கடைசியில் ஸ்டேஷனில் அந்த முட்டைக்காரர்தான் அதிகம் அழுகிறார்.

புத்தகத்தை மூடினேன். மூடின பிறகுதான் எனக்குக் கதை தொடங்கியது.

கவி. கவியரசன். தம்பியின் அறைக்காரன். எங்கள் பெடியங்கள் எல்லாம் அப்படித்தானே இருந்தார்கள், ஒரு அறையில் நாலு பேர், ஆறு பேர். ஆண்கள் தங்கும் அறைக்குப் பெண்கள் போவதில்லை, நானும் போகவில்லை. எட்டு வருடம். மற்றப் பெடியங்கள் கல்யாணம் கட்டிப் போனார்கள், இவர்கள் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள். கவி தமிழ்நாட்டுப் பிள்ளை, சென் தெனியில் பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. அந்தச் சம்பளக்காரனுக்கு ஏன் கூசேன்வில்லில் பங்கு அறை? நான் கேட்கவே இல்லையே. ஊராரின் ஒவ்வொரு கட்டமும் பார்த்து நிரப்புகிற எனக்கு இது ஏன் கண்ணில் படவில்லை?

இரண்டு வருடத்துக்கு முன்னம் "என்ரை வரிப் போம் இனி நானே நிரப்புறன் அக்கா" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தப் போமிலை என்ன இருந்திருக்கும் எண்டு இப்பதான் விளங்குது. முதல் பக்கத்திலேயே கேப்பினம்: தனியாளோ, கல்யாணம் கட்டினவரோ, இல்லாட்டி நகரசபையிலை துணையாப் பதிஞ்சவரோ.

எட்டு வருசம் நான் அவனுக்குப் பொம்பிளை பாத்தனான்! படம் காட்டினனான், சாதகக் குறிப்புப் பாத்தனான், தாட்சாயினிக்கு முன்னாலை வைச்சு ஏசினனான். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு சோறு திண்டுபோட்டுப் போவான். ஏனடா சொல்லேல்லை? என்னட்டை ஏன் சொல்லேல்லை?

சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பொய் எழுத இந்தக் கொப்பி தேவையில்லை. சனம் என்ன சொல்லும் என்றுதான் முதலில் நினைத்திருப்பேன். இன்றைக்கும் அதுதான் முதலில் வந்தது. பயமாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தாள் நிற்கிறது. நாற்பத்தொரு பேருக்கு முதலில் என் பெயர், அதை அவன் வாசித்தான்.

அவன் இனி வராமலே விட்டுவிட்டால்?

பெப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. பொன்னம்பலம் அண்ணை ஆருக்கும் சுகமில்லையோ என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தது கவி. கையில் வெங்காயம்.

"வாங்க அக்கா. உள்ள வாங்க. அவன் குளிச்சிட்டு இருக்கான். காஃபி போடட்டுமா? டீ குடிப்பீங்களா?" பதற்றத்தில் வெங்காயத்தை எனக்கே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

தம்பி தலையைத் துடைத்துக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் துவாய் கையிலேயே நின்றது.

"என்னக்கா, கையெழுத்து வாங்க வந்தனியோ?"

ரயிலில் எவ்வளவோ பாடமாக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"நீங்கள் ரெண்டு பேரும் பதிஞ்சாச்சோ? போம் ஆர் நிரப்பினது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நான்தான் அக்கா" என்றார் கவி. "ஒரு எடத்துல தப்பாப் போட்டுட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவை."

"ரெண்டு தரமோ? என்னட்டைக் கொண்டுவந்திருக்கலாமே!"

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாகிப் போனது என்று தெரியவில்லை. நானும் அழுதேன், அதற்கு வெங்காயத்தைச் சாட்டினேன். "என்ரை பேரை அந்தத் தாளிலை இருந்து வெட்டுறன்ரா" என்றேன். "புத்தகம் முழுக்க வாசிச்சிட்டன்."

"தாட்சா அதை முதல் எனக்குத்தான் காட்டினவள்" என்றான். "அம்மாவுக்கு வாசிக்கக் குடுக்கப்போறன் எண்டவள்."

மீன் குழம்பு சாப்பிட்டேன். புளி கூடிவிட்டது. சொல்லவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் நித்திரையாகி ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கினேன். ஒரு மாதமாக எனக்கு அப்படி நித்திரை வந்ததில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

காலைத் தேத்தண்ணியோடு தம்பியின் விசயத்தை இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பெப்ரவரி 20, வியாழன்

இரண்டு நாள் கழித்து வாயைத் திறந்தார். "அந்தப் பெடியன் நண்டு சாப்பிடுவானோ?"

மார்ச் 5, புதன்

கடினமான நாள். பொன்னம்பலம் அண்ணையின் கடைக்குப் போய் அவருக்கு முன்னாலேயே என் பெயரை வெட்டினேன்.

"ஆர் தங்கச்சி உம்மை வெருட்டினது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நான் வாசிக்காமல் எழுதிப்போட்டன். அதோடை, அந்தப் புத்தகத்துக்கு நானே செப்டெம்பரிலை கையெழுத்து வைச்சிருக்கிறன்."

செப்டெம்பர்த் தாளின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீர் வைச்சீர். நான் வைக்கேல்லையே."

அதுவும் உண்மைதான். அவருடைய மகள் வட்டத்தில் இல்லை, அலுமாரியிலிருந்து எடுத்தவள். "உங்கடை பிள்ளைக்கு வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லலாம் அண்ணை. என்ரை பிள்ளைக்கு வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லேலாது. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வெளிக்கிட்டன். அதுதான் பிழை."

தாளை மடித்து மேசை லாச்சியில் போட்டு மூடினார். கோபமா, யோசனையா தெரியவில்லை. பதினோரு வருடம் முன்னம் எனக்கு இந்தக் கடை எடுக்கப் பொறுப்பு நின்றவர்.

மார்ச் 20, வியாழன்

நிர்வாக சபை முடிந்தது. அப்பாடா.

புத்தகம் வாங்குவது நூலகப் பொறுப்பாளரின் வேலை, அதற்கு வாக்கெடுப்பு இல்லை என்று அதிபர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வேறு இரண்டு பெற்றோர் கோபமாகக் கதைத்தார்கள். என் முறை வந்தது. கடிதம் எழுதியது நான்தான், அதை மீளப் பெறுகிறேன் என்றேன். ஆனால் பெற்றோருக்குத் தெரியவேண்டும் என்ற கேள்வியை மீளப் பெறவில்லை என்றேன். எங்கள் பகுதியில் நிறையப் பேருக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது, பிள்ளைதான் வாசித்துச் சொல்கிறது, பிள்ளை சொன்னது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும் என்றேன்.

புத்தகம் இருக்கும். இனிப் புதுப் புத்தகங்களின் பட்டியல் ஒவ்வொரு தவணையும் வீட்டுக்கு வரும். மாதத்தில் ஒரு புதன் பெற்றோர் வந்து நூலகத்தில் இருந்து வாசிக்கலாம். பட்டியலைத் தமிழில் போட்டுத் தர யார் இருக்கிறார்கள் என்று அதிபர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தமுறை வாயில் ஊசி இல்லை, இருந்தும் ஓம் என்றேன்.

வெளியே தாட்சாயினி காத்துக்கொண்டு நின்றாள். "முடிஞ்சுதா?" என்றாள். தமிழில். கையைக் கோர்த்துக்கொண்டு நடந்தாள், பள்ளி வாசல் தாண்டும் வரைக்கும் விடவில்லை. மற்றப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க.

ஏப்ரல் 2, புதன்

பெற்றோரின் முதல் புதன். ஆறு பேர் வந்தோம். கதவடியில் பொன்னம்பலம் அண்ணை! கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் இடிபட ஒரு மணித்தியாலம் இருந்தார். பிரெஞ்சு அவருக்கு மெதுவாகத்தான் வரும். அந்தப் புத்தகத்தின் 61ஆம் பக்கத்தில் நின்றார், பிறகு பக்கத்தைத் திருப்பினார். விளங்காத இரண்டு சொல்லை என்னிடம் கேட்டார், சொன்னேன்.

போகும்போது சொன்னார், "என்ரை பிள்ளைக்கு இப்ப வேண்டாம் தங்கச்சி. அது என்ரை முடிவு."

"ஓம் அண்ணை."

"மற்ற ஆக்களின்ரை பிள்ளையள் அவையவையின்ரை பாடு."

"ஓம் அண்ணை."

பின்னேரம் கடைக்குக் கடிதம் ஒன்றோடு வந்தார். அவருடைய மருத்துவ அட்டை முடிந்துவிட்டதாம். நிரப்பிக் கொடுத்தேன். போகும்போது வாழைக்காய் இரண்டு வைத்துவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கினது அப்போதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பின்னறையில் நாலு கதிரை போதவில்லை, துணிக் கட்டு மேல் இருந்து சாப்பிட்டோம். இவர் லீவு போட்டு நண்டு காய்ச்சினார். கவிக்கு நண்டு உடைக்கத் தெரியாது, இவர்தான் பக்கத்தில் இருந்து உடைத்துக் கொடுத்தார். தம்பி இரண்டாம் தரம் சோறு கேட்டான். நான் ஒருவருக்கும் பொம்பிளை பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நீளமானது என்று இன்றுதான் தெரிந்தது.

மே 6, செவ்வாய்

தாட்சாயினியின் வகுப்பு ஜூனில் மூன்று நாள் நோர்மண்டிக்குப் போகிறது. படிவம் நாலு பக்கம். மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தாள், அதற்கு மேல் என் கத்தரிக்கோலைப் பாரம் வைத்திருந்தாள்.

முழுவதும் வாசித்தேன். என்ன மருந்து ஒவ்வாது, நீந்தத் தெரியுமா, படம் எடுக்கலாமா, எல்லாம். சட்டை வாங்க வந்த பெண்ணைப் பத்து நிமிடம் இருக்கச் சொன்னேன். தாட்சாயினி நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கடைசிப் பக்கம். பெற்றோரை எட்ட முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், யார் வந்தால் பிள்ளையைக் கொடுத்துவிடலாம்? இரண்டு வரி. பெயர், தொலைபேசி, பிள்ளைக்கு என்ன உறவு. முதல் வரியில் கிருஷிகன். உறவு: மாமா. ஒவ்வொரு வருடமும் எழுதுவதுதான். இரண்டாவது வரியில் இதுவரை பொன்னம்பலம் அண்ணையை எழுதி, அயலவர் என்று போடுவேன்.

இந்தமுறை கவியரசன் என்று எழுதினேன். இலக்கத்தை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு இந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நண்பர் என்று எழுதலாம். பள்ளிக்கூடம் கேள்வி கேட்காது. தாட்சாயினி நகம் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

மேலே எழுதினதைப் பார்த்து அப்படியே கீழேயும் எழுதினேன். மாமா.

பிறகு சோக்குத் தூளைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.